பேரேட்டிலிருந்து நிரல் வரை

நமது சங்கத்தின் குடும்ப நல நிதிப் பேரேட்டை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். நீல அட்டையும் சிவப்புத் துணி முதுகும் கொண்ட பெரிய புத்தகம். மாதம் 50 ரூபாய் சந்தா. குறைந்தது 24 மாதம் கட்டியிருந்தால், குடும்பத் தலைவர் மறைந்த சமயத்தில் சங்கம் ஒரு தொகையைக் கொடுத்து உதவும். பெரிய தொகை இல்லை. ஆனால் ஊரை விட்டு ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கும் ஒரு குடும்பத்துக்கு முதல் வாரத்தில் கைகொடுக்கும் தொகை அதுதான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அம்மாள் அந்த உதவியைக் கேட்டு வந்தார். பேரேட்டைப் புரட்டினோம். அவருடைய கணவர் பெயரில் 14 மாதச் சந்தாதான் இருந்தது. "விதிப்படி தகுதி இல்லை" என்று கடிதம் எழுதி அனுப்பினோம். அந்தக் கடிதத்தில் கையெழுத்திட்ட மூவரில் நானும் ஒருவன்.

இரண்டு மாதம் கழித்து அவர் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவோடு வந்தார். உள்ளே 33 ரசீதுகள், மாத வாரியாக அடுக்கி, ரப்பர் வளையம் போட்டு. பிறகுதான் விஷயம் புரிந்தது. முதல் 14 மாதம் எழுதிய பொருளாளர் நம் வழக்கப்படி தகப்பனார் பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டு எழுதியிருந்தார். அடுத்து வந்தவர், வங்கிக் காசோலையில் இருந்தபடி, தகப்பனார் பெயரை முழுவதுமாகக் குடும்பப் பெயர் போல எழுதிவிட்டார். ஒரே மனிதர் பேரேட்டில் இரண்டு மனிதர்களாகிவிட்டார். ஒருவருக்கு 14, மற்றவருக்கு 19. தனித்தனியாகப் பார்த்தால் இருவருமே 24ஐத் தொடவில்லை.

பணத்தைக் கொடுத்துவிட்டோம், மன்னிப்பும் கேட்டோம். ஆனாலும் அந்த இரண்டு மாதத்தைத் திருப்பிக் கொடுக்க முடியுமா? அதன் பிறகுதான் இந்தக் கணக்கைக் கணிப்பொறியில் ஏற்றுவது என்று முடிவாயிற்று. இளைஞர் அணித் தம்பிகள் இருவர் முன்வந்தார்கள். பேரேடு தெரிந்தவன் என்பதால் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். மென்பொருள் துறையில் இருக்கும் என் மகள் தொலைபேசி வழியாக வழிகாட்டினாள். அப்போது நான் கற்றுக்கொண்டதை, கணிப்பொறி படிக்காதவர்களுக்கும் புரியும்படி சொல்ல முயல்கிறேன். கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் இருந்தால் அவர்களிடமும் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

நிரலை எழுதும் நிரல்

தகவலை அட்டவணைகளாகப் பிரித்து, எண்களால் ஒன்றோடொன்று இணைத்து வைக்கலாம் என்ற கொள்கையை 1970இல் வெளியிட்டவர் ஐ.பி.எம். ஆய்வாளர் எட்கர் காட். அந்த அட்டவணைகளைக் கேள்வி கேட்பதற்கென்று அதே நிறுவனத்தைச் சேர்ந்த சேம்பர்லின், பாய்ஸ் இருவரும் 1974இல் ஒரு மொழியை அறிமுகம் செய்தார்கள். அதுதான் இன்று எஸ்.க்யூ.எல். எனப்படுகிறது. அரை நூற்றாண்டு ஆகியும் இன்றுவரை அதுவே ஆட்சி செய்கிறது.

ஆனால் எஸ்.க்யூ.எல். கேள்வி கேட்கும், பதில் தரும், அவ்வளவுதான். திரையில் காட்டுவது, ரசீது அச்சிடுவது, கூட்டிப் பார்த்துத் தகுதி சொல்வது எல்லாம் வேறொரு நிரல்மொழியில் எழுத வேண்டும். நாங்கள் எடுத்துக்கொண்டது கூகுள் 2009இல் வெளியிட்ட கோ என்னும் மொழி. இந்த இரண்டு மொழிகளுக்கும் இடையே ஒரு பாலம் வேண்டும். கேள்வியை அனுப்பி, வரும் பதிலில் முதல் கட்டத்தை எண்ணாகவும், இரண்டாவதைப் பெயராகவும், மூன்றாவதைத் தேதியாகவும் பிரித்து எடுத்து வைக்கிற வேலை. ஒவ்வொரு கேள்விக்கும் இதே போன்ற இருபது முப்பது வரிகள். கையால் எழுதினால் சலிப்பு வரும். சலிப்பு வந்தால் வரிசை மாறும். சந்தாத் தொகை இருக்க வேண்டிய இடத்தில் ரசீது எண் உட்கார்ந்துகொள்ளும்.

இந்தப் பாலத்தைத் தானே கட்டித் தருபவைதான் நிரலாக்கக் கருவிகள். அவற்றில் பலவகை உண்டு. நாங்கள் பயன்படுத்தியது எஸ்.க்யூ.எல்.சி. என்பது. இலவசமானது, மூலநிரல் திறந்தது. அட்டவணைகளின் வரையறையை ஒரு கோப்பிலும், கேட்க வேண்டிய கேள்விகளை இன்னொரு கோப்பிலும் எழுதிக் கொடுத்தால், இரண்டையும் படித்து, ஒப்பிட்டு, கோ மொழி நிரலை எழுதித் தருகிறது.

மகள் இதைச் சொன்னதும் எனக்கு என் சிக்னல் பிரிவு நினைவுக்கு வந்தது. ஒரு யார்டுக்கு முதலில் சிக்னல் பிளான் வரைவோம். அதிலிருந்து செலக்ஷன் டேபிள் தயாராகும்: இன்ன வழியில் வண்டி போக வேண்டுமானால் இன்னின்ன பாயிண்ட் இன்ன நிலையில் இருக்க வேண்டும், இன்ன தண்டவாளப் பகுதி காலியாக இருக்க வேண்டும் என்ற அட்டவணை. அந்த அட்டவணையிலிருந்துதான் சர்க்யூட் வரைபடம் பிறக்கும். வரைபடத்திலிருந்துதான் வயர். அட்டவணை சரியாக இருந்தால், அதற்குப் பின் வருவது விதிப்படி செய்யும் வேலை. அந்த விதிப்படி செய்யும் வேலையைத்தான் இங்கே கருவி எடுத்துக்கொள்கிறது. அட்டவணையைச் சிந்திக்கும் வேலை நம்முடையதுதான்.

முதற்படி: காகிதமும் பென்சிலும்

புதிய திட்டத்தைத் தொடங்குகிறவர்கள் உடனே கணிப்பொறியைத் திறந்துவிடக் கூடாது. நாங்கள் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் காகிதத்தோடுதான் உட்கார்ந்தோம். ஐந்து அட்டவணைகள் என்று முடிவாயிற்று: குடும்பம், உறுப்பினர், பெயர் வடிவம், ரசீது, உதவி.

முதல் விதி, பெயரை வைத்து யாரையும் அடையாளம் காணக் கூடாது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஓர் எண், ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஓர் எண். இதை முதன்மைச் சாவி என்பார்கள். ரயிலில் முன்பதிவு செய்யும்போது ஒரே வண்டியில் ஒரே பெயருடைய நான்கு பேர் பயணம் செய்யலாம். ஆனால் 10 இலக்கப் பி.என்.ஆர். எண் பயணச்சீட்டுக்குச் சீட்டு வேறு. அது போலத்தான். உறுப்பினர் வரிசையிலும் ரசீது வரிசையிலும் குடும்ப எண்ணைக் குறித்து வைக்கிறோம். இல்லாத குடும்ப எண்ணை எழுதினால் தரவுத்தளம் ஏற்காது. இது அயல் சாவி.

இரண்டாவது, பெயரைப் பற்றியது. இது நம்மவர்களுக்கே உரிய சங்கடம். இங்குள்ள படிவங்களில் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டம் இருக்கும். நமக்கு இருப்பதோ ஒரு பெயரும் ஒரு முன்னெழுத்தும். செல்வம் என்பவரின் தகப்பனார் முருகன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிச் சான்றிதழில் மு. செல்வம்; வங்கியில் செல்வம் முருகன்; வேறோர் ஆவணத்தில் முருகன் செல்வம். அவர் மனைவிக்குத் திருமணத்துக்கு முன் ஒரு முன்னெழுத்து, பின் ஒரு முன்னெழுத்து. தம்பிகள் முதலில் எழுதிக்கொண்டு வந்த வரைவில் குடும்பப்பெயர் என்ற கட்டம் இருந்தது. அது காலியாக இருக்கக் கூடாது என்றும் போட்டிருந்தார்கள். ஏதோ ஒரு மாதிரியைப் பார்த்து எழுதியது. "நம்ம சங்கத்திலேயே நம்ம பேரை எழுத இடமில்லையா தம்பி?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே அடித்துவிட்டார்கள்.

கடைசியில் ஏற்றது இதுதான்: உறுப்பினர் அட்டவணையில் பெயருக்கு ஒரே கட்டம், அது கட்டாயம், முன்னெழுத்துக்கு ஒரு கட்டம், அது விருப்பம். ஆவணங்களில் வேறு எப்படியெல்லாம் எழுதப்பட்டிருக்கிறதோ அவை அனைத்தும் பெயர் வடிவம் என்ற தனி அட்டவணையில், அதே உறுப்பினர் எண்ணோடு. எத்தனை வடிவம் இருந்தாலும் மனிதர் ஒருவர்தான்.

மூன்றாவது, பணம். மிதவைப் புள்ளி எண்ணாக வைத்தால் கணிப்பொறி 0.1 போன்ற பின்னங்களைச் சரியாகப் பிடிக்காது. மிகச் சிறிய பிழைகள் சேரும். ஆகவே முழு ரூபாயை முழு எண்ணாகவே வைத்தோம். தொகையை ஒவ்வொரு ரசீதிலும் எழுதுகிறோம். ஏனென்றால் சந்தா முன்பு 20 ரூபாயாக இருந்தது, நாளை மாறவும் கூடும்.

நான்காவது, இரட்டைப் பதிவைத் தடுப்பது. ஒரு குடும்பத்துக்கு ஒரு மாதத்துக்கு ஒரு ரசீதுதான். குடும்ப எண்ணும் மாதமும் சேர்ந்து தனித்துவமாக இருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை எழுதிவிட்டால் தரவுத்தளமே காவல் காக்கும்.

எதை வைக்கக் கூடாது என்பதும் முக்கியம். ஆதார் எண்ணையும் சேர்க்கலாமே என்று ஒருவர் சொன்னார். வேண்டாம் என்றோம். இந்த நிதிக்கு அது தேவை இல்லை. தேவை இல்லாததை வாங்கி வைத்தால் அதைக் காக்கும் பொறுப்பும் நம் தலையில். தனிநபர் தரவுகளைக் காப்பதற்கென்றே 2023இல் ஒரு சட்டம் வந்திருப்பதையும் நினைவில் வையுங்கள்.

இரண்டாம் படி: அடுக்கும் கோப்புகளும்

இனிக் கணிப்பொறிக்கு வருவோம். கட்டளைகளை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். இங்கே அவற்றின் ஒலிப்பை மட்டும் தமிழில் தருகிறேன்.

மூன்று பொருள்களை நிறுவிக்கொள்ள வேண்டும்: கோ மொழி, எஸ்.க்யூ.எல்.சி., ஒரு தரவுத்தளம். தரவுத்தளமாக நாங்கள் எடுத்தது போஸ்ட்கிரெஸ். பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1986இல் தொடங்கிய திட்டத்தின் வாரிசு, இதுவும் இலவசம். தமிழ் எழுத்துகளை யூனிகோடு முறையில் சிக்கலில்லாமல் ஏற்கிறது. ஆனால் 1990களில் பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த உறுப்பினர் பட்டியல் இருந்தால், அதை முதலில் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் புரியாத குறிகளாகத்தான் தெரியும்.

திட்டத்துக்கென்று ஓர் அடுக்கு, அதாவது ஃபோல்டர், உண்டாக்கினோம். அதற்குள் நின்று, கோ மாட் இனிட் என்று தட்டித் திட்டத்துக்கு ஒரு பெயர் கொடுத்தால், இது கோ மொழித் திட்டம் என்று பதிவாகிறது. அடுத்து எஸ்.க்யூ.எல்.சி. இனிட். இது அமைப்புக் கோப்பு ஒன்றைப் போட்டுக் கொடுக்கும். அதில் நாம் நிரப்ப வேண்டியவை ஐந்தே விஷயங்கள்: அமைப்பின் பதிப்பு எண் 2, எந்தத் தரவுத்தளம், அட்டவணை வரையறை எந்தக் கோப்பில், கேள்விகள் எந்தக் கோப்பில், எழுதப்படும் நிரல் எந்த அடுக்கில், என்ன பெயரில் விழ வேண்டும். அவ்வளவுதான்.

ஓர் எச்சரிக்கை. இந்தக் கோப்பு யாமல் என்ற வடிவத்தில் இருக்கும். எது எதற்குள் அடங்கியது என்பதை வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளியை வைத்துத்தான் அது புரிந்துகொள்கிறது. அங்கே டேப் விசையைப் போடக் கூடாது. இடைவெளி விசையையே அழுத்த வேண்டும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். எங்களுக்கு ஒரு மாலை முழுவதும் இதிலேயே போயிற்று.

பிறகு இரண்டு வெற்றுக் கோப்புகள்: ஒன்று அட்டவணைகளுக்கு, மற்றது கேள்விகளுக்கு. காகிதத்தில் முடிவு செய்த ஐந்து அட்டவணைகளையும் முதற்கோப்பில் எஸ்.க்யூ.எல். மொழியில் எழுதினோம். கட்டாயமான கட்டங்களுக்கு நாட் நல் என்று சேர்க்க வேண்டும். அதைச் சேர்க்காத கட்டம் காலியாக இருக்கலாம். இந்த ஒரு சொல்லை வைத்துக் கருவி என்ன செய்கிறது என்று பாருங்கள். பெயர் கட்டாயம் என்பதால் அதைச் சாதாரணச் சொல்லாகவே நிரலில் எழுதுகிறது. மறைந்த தேதி கட்டாயமில்லை என்பதால், அதைத் தேதியும் "இது செல்லுமா?" என்ற ஒரு குறியும் சேர்ந்த தனி வகையாக எழுதுகிறது. குறியைப் பார்த்துவிட்டுத்தான் தேதியைத் தொட வேண்டும் என்பது நிரல் எழுதுகிறவருக்கு நினைவூட்டல். உயிரோடு இருப்பவரை மறைந்தவராகக் கணக்கெடுக்காமல் இருக்க இது உதவும்.

மூன்றாம் படி: கேள்விகள்

இரண்டாவது கோப்பில் ஒவ்வொரு கேள்விக்கும் மேலே ஒரு குறிப்பு வரி எழுத வேண்டும். இரண்டு சிறு கோடு, நேம் என்ற சொல், நாம் வைக்கும் பெயர், கடைசியில் ஒரு வகை. முக்கியமான வகைகள் மூன்று. ஒன் என்றால் ஒரே ஒரு வரிசை திரும்பி வரும். மெனி என்றால் பல வரிசைகள் வரலாம். எக்ஸெக் என்றால் செய்து முடித்தால் போதும், பதில் வேண்டாம். ஒரு குடும்பத்தின் ரசீதுகளைக் காட்டு என்பது மெனி. புது ரசீதைப் பதிவு செய் என்பது எக்ஸெக். இந்த எண்ணுள்ள குடும்பத்தைக் காட்டு என்பது ஒன்.

எந்தக் குடும்பம் என்பது ஒவ்வொரு முறையும் மாறும் அல்லவா? அந்த இடத்தில் டாலர் குறியும் 1 என்ற எண்ணும் போட்டு இடம் ஒதுக்கிவிடுகிறோம். கேள்வி தனியாகவும் மதிப்பு தனியாகவும் தரவுத்தளத்துக்குப் போகும். மதிப்பைக் கேள்வியோடு ஒட்டித் தைத்தால், யாராவது பெயர்க் கட்டத்தில் விஷமமாக ஒரு கட்டளையையே எழுதி உள்ளே நுழைத்துவிடலாம். தனித்தனியாகப் போனால் அந்தக் கதவு அடைபட்டுவிடும்.

நான்காம் படி: உருவாக்கு

எல்லாம் எழுதியான பிறகு எஸ்.க்யூ.எல்.சி. ஜெனரேட் என்று தட்டினோம். நிரல் வரவில்லை, பிழைதான் வந்தது. கேள்விக் கோப்பில் இன்ன வரியில் இன்ன பெயருள்ள கட்டம் இல்லை என்றது.

பார்த்தால், ஒரு தம்பி சந்தா என்பதை நாம் உச்சரிக்கிறபடி எஸ் எழுத்தில் தொடங்கி எழுதியிருக்கிறார். இங்கேயே பிறந்து வளர்ந்த மற்றவர், இந்திக்காரர் எழுதுவது போல சி, எச் என்று தொடங்கி எழுதியிருக்கிறார். அட்டவணையில் ஒன்று, கேள்வியில் ஒன்று. கையால் பாலம் கட்டியிருந்தால் இது என்றோ ஒரு நாள், ரசீது கேட்டு ஒருவர் எதிரில் நிற்கும்போதுதான் தெரிந்திருக்கும். இங்கே தரவுத்தளம் ஓட வேண்டிய தேவைகூட இல்லாமல், இரண்டு கோப்புகளையும் ஒப்பிட்டே கருவி பிடித்துவிட்டது. இந்த ஓர் உதவிக்காகவே இதை வைத்துக்கொள்ளலாம்.

திருத்தி மறுபடி தட்டினோம். மூன்று கோப்புகள் வந்து விழுந்தன: தரவுத்தளத்தோடு பேசுவதற்கான பொது நிரல் ஒன்று; அட்டவணை ஒவ்வொன்றுக்கும் ஈடான கோ மொழி அமைப்புகள் ஒன்றில்; நாம் பெயர் வைத்த கேள்விகள் ஒவ்வொன்றும் அழைக்கத் தயாரான செயற்கூறாக இன்னொன்றில். நூற்றுக்கணக்கான வரிகள், ஒரு நொடியில்.

தொடாதே என்ற முதல் வரி

அந்தக் கோப்புகள் ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு வரி உண்டு: இது கருவி எழுதிய நிரல், திருத்தாதே என்று. அதை யாரும் அலட்சியம் செய்ய வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

2023 ஜூன் 2ஆம் தேதி மாலை, ஒடிசாவில் பாலசோர் அருகே பஹானகா பஜார் நிலையத்தில் சென்னை செல்லும் கோரமண்டல் எக்ஸ்பிரஸுக்கு நேர் வழியில் போகப் பச்சை விளக்கு. ஆனால் பாயிண்ட் பக்கத்து லூப் பாதைக்குத் திரும்பியிருந்தது. வண்டி அங்கே நின்ற சரக்கு வண்டியில் மோதியது. 290க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. நம்மில் எத்தனையோ பேர் ஊருக்குப் போய்வரும் வண்டி அது. விசாரணைக்குப் பின் மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்த காரணம், முன்னொரு சமயம் அந்த நிலையத்தின் வடக்குப் பக்கத்தில் சிக்னல் சுற்றை மாற்றியமைத்தபோது நேர்ந்த குறைபாடும், லெவல் கிராசிங் தடுப்புக் கம்பத்தின் மாற்றுப் பணியின்போது நேர்ந்த குறைபாடும். நான் பணி ஓய்வு பெற்ற பிறகு நடந்தது. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் தொழில் அது.

எங்கள் பிரிவில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதலில் சொல்லித் தருவது இதைத்தான்: வரைபடத்தை மாற்றாமல் வயரை மாற்றாதே. வரைபடம் ஒன்றைச் சொல்லி, வயர் வேறொன்றைச் செய்தால், அடுத்து வந்து அந்தப் பெட்டியைத் திறப்பவர் வரைபடத்தை நம்பி ஏமாந்துபோவார்.

நல நிதிக் கணக்கில் உயிர் போகாது, உண்மைதான். ஆனால் விதி ஒன்றே. உருவான நிரலில் நேரடியாக ஒரு வரியைத் திருத்தினால் அன்றைக்கு வேலை செய்யும். அடுத்த முறை யாராவது ஜெனரேட் என்று தட்டியதும் அந்தத் திருத்தம் அழிந்துபோகும், யாருக்கும் தெரியாமல். மாற்றம் வேண்டுமா? அட்டவணைக் கோப்பை மாற்று, அல்லது கேள்விக் கோப்பை மாற்று, பிறகு மறுபடி உருவாக்கு. உருவான நிரலும் மூலக் கோப்புகளும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க டிஃப் என்றொரு கட்டளையும் இருக்கிறது. எங்கள் பிரிவில் ஆண்டுக்கொருமுறை வரைபடத்தையும் வயரையும் ஒப்பிட்டுக் கையெழுத்திட்ட நாள்கள் நினைவுக்கு வந்தன.

இங்கே இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அட்டவணைக் கோப்பை மாற்றி நிரலை உருவாக்கிவிட்டால் ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளம் தானாக மாறிவிடாது. அதைத் தனியாக, அதற்கென்று உள்ள முறையில், முதலில் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டு மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் நிரல் புதிய கட்டத்தைத் தேடும். தரவுத்தளத்தில் அது இருக்காது.

கருவிக்குத் தெரியாதது

இத்தனையும் முடிந்து, சோதனைக்காகப் பேரேட்டின் முதல் நூறு குடும்பங்களை ஏற்றினோம். பெயரைத் தட்டினால் குடும்பத்தைக் காட்டும் கேள்வி ஒன்றையும் ஒரு தம்பி எழுதியிருந்தார். பிழை எதுவும் வரவில்லை. எல்லாம் சரியாக ஓடியது. அந்த அம்மாளின் கணவர் பெயரை நான் தட்டினேன். திரையில் வந்தது வேறொரு குடும்பம்.

அதே பெயரில் சங்கத்தில் இன்னொருவர் இருக்கிறார். கேள்வியின் மேல் ஒன் என்று எழுதப்பட்டிருந்தது. ஒன் என்றால் நிரல் என்ன செய்கிறது தெரியுமா? வரும் வரிசைகளில் முதலாவதை எடுத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடுகிறது. இரண்டு பேர் இருக்கிறார்களே என்று அது சொல்லாது. நாம்தான் ஒருவரே வருவார் என்று வாக்குக் கொடுத்திருக்கிறோம். அது நம்மை நம்பிவிட்டது.

கொஞ்ச நேரம் எல்லாரும் பேசாமல் இருந்தோம். நீலப் பேரேடு செய்த அதே தவறை, இன்னும் வேகமாக, இன்னும் நம்பகமான முகத்தோடு, நாங்களே கட்டி வைத்திருந்தோம்.

திருத்தம் சிறியதுதான். பெயரைக் கொண்டு தேடும் கேள்வி எதுவும் மெனி வகையாகவே இருக்க வேண்டும். பெயர் வடிவ அட்டவணையையும் சேர்த்துத் தேட வேண்டும். வருகிற எல்லாரையும் முகவரியோடு திரையில் காட்ட வேண்டும்; தேர்ந்தெடுப்பது மனிதர் வேலை. ஒன் என்பது குடும்ப எண், உறுப்பினர் எண், ரசீது எண் போன்ற தனித்துவமான சாவிகளுக்கு மட்டும். இந்த விதியை ஒரு தாளில் எழுதி அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்கிறோம்.

எழுத்துப்பிழையைக் கருவி பிடிக்கும். இல்லாத கட்டத்தைப் பிடிக்கும். கேட்ட கேள்வி நியாயமானதா என்று அதற்குத் தெரியாது. தவறான கேள்விக்கும் அப்பழுக்கில்லாத நிரலை எழுதிக் கொடுக்கும். நம்மில் யார் யாருக்கு ஒரே பெயர், யார் வீட்டில் முன்னெழுத்து எப்போது மாறியது, எந்த ஆண்டு சந்தா உயர்ந்தது என்பதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள்

ஆகவே இந்த வேலையைக் கணிப்பொறி தெரிந்தவர்கள் கையில் விட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளாதீர்கள். மாதத்தின் இரண்டாவது, நான்காவது ஞாயிற்றுக்கிழமை காலை சங்க அலுவலகத்தில் நாங்கள் இருப்போம். உங்கள் வீட்டில் உள்ள ரசீதுகளை எடுத்து வாருங்கள். உங்கள் பெயர் எந்தெந்த ஆவணத்தில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று ஒரு தாளில் குறித்து வாருங்கள். ஆவணம் வேண்டாம், எழுத்து வடிவம் போதும். பெண்மணிகள் தங்கள் பழைய முன்னெழுத்தையும் தவறாமல் சொல்லுங்கள். திரையில் உங்கள் குடும்பத்தின் பக்கத்தைப் பார்த்து, சரி என்று சொன்ன பிறகுதான் அதை இறுதி செய்வோம்.

படிக்கும் பிள்ளைகளையும் அனுப்புங்கள். கல்லூரிச் செய்முறைக்காக இல்லாத கம்பெனியின் இல்லாத ஊழியர்களை அட்டவணை போடுவதைவிட, பக்கத்து வீட்டுத் தாத்தாவின் சந்தாவைச் சரியாகக் கணக்கிடும் ஒரு நிரல் அவர்களுக்கு அதிகம் கற்றுத்தரும்.

அந்த அம்மாளும் வந்தார். 33 ரசீதுகளையும் அவரே ஒவ்வொன்றாக வாசிக்க, தம்பி தட்டினார். கடைசியில் குடும்ப எண்ணைக் கொடுத்துக் கேட்டோம். மாதங்கள் 33 என்று வந்தது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையைப் பார்த்தார். "சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டு, ரசீதுகளை மறுபடி அடுக்கி, ரப்பர் வளையத்தைப் போட்டு, டப்பாவில் வைத்து மூடினார். "இதையும் வெச்சுக்கறேன் அண்ணா" என்றார்.

வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். நீங்களும் உங்கள் ரசீதுகளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.